கலிஃபோர்னியாவில் வீடு வாங்குகிறவர்களுக்கு: வரி பில்லின் கீழ்ப் பாதியைப் படியுங்கள்

கேள்வி இதுதான்: "டப்ளினில் புதிதாகக் கட்டும் டவுன்ஹோம் ஒன்று பார்த்திருக்கிறோம். பக்கத்து ஊரில் 2004இல் கட்டிய வீடு ஒன்றும் பிடித்திருக்கிறது. இரண்டும் 12 லட்சம் டாலர். இரண்டிலும் வழக்கமான சொத்து வரி போக வருடத்துக்கு 4,800 டாலர் அளவுக்கு 'ஸ்பெஷல் அசெஸ்மெண்ட்' என்று வருகிறது. 'அது எல்லா இடத்திலும் இருக்கிறதுதான்' என்கிறார் ஏஜென்ட். இது என்ன பணம்? எத்தனை வருடம் கட்ட வேண்டும்? இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான் என்றால் அதை விட்டுவிட்டு மற்றதை வைத்து முடிவு செய்யலாமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விட்டுவிடாதீர்கள். இரண்டு பில்லிலும் 4,800 என்றே இருந்தாலும், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கடன் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வீட்டில் அது எட்டு வருடத்தில் முடிந்துவிடலாம். இன்னொன்றில், இப்போது தவழும் உங்கள் குழந்தை வேலைக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கலாம். நான் ஏஜென்டும் இல்லை, வக்கீலும் இல்லை. பே ஏரியாவில் பல வருடமாக இருக்கிறேன், இரண்டு வீடு வாங்கியிருக்கிறேன், நண்பர்கள் வாங்கும்போது விற்பவர் தரும் டிஸ்க்ளோஷர் ஆவணக் கட்டை உடன் உட்கார்ந்து படித்துக் கொடுப்பேன். வட்டி விகிதத்தில் கால் சதவீதத்துக்காக மூன்று வங்கிக்குப் பேசுகிறவர்கள்கூட இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. 1978 ஜூனில் கலிஃபோர்னியா மக்கள் புரொபொசிஷன் 13ஐ ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். அதன்படி அடிப்படைச் சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதம்தான். அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் புது விலைக்கு வரும். வீட்டுக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஊர் வளர வேண்டுமே. ஐநூறு வீடு புதிதாக வந்தால் சாலை, சாக்கடை, பூங்கா, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் வேண்டும். வரியை ஏற்றி அதைக் கட்ட நகராட்சிக்கு வழி அடைபட்டுப் போனது.

1982இல் வேறு வழி ஒன்று திறந்தது. செனட்டர் ஹென்றி மெல்லோ, சட்டமன்ற உறுப்பினர் மைக் ரூஸ் இருவர் பெயரால் வழங்கும் சட்டம் அது. மெல்லோ-ரூஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். புதிதாக வீடு வரும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதைத் தனி மாவட்டம் என்று அறிவிக்கலாம். கம்யூனிட்டி ஃபெசிலிட்டீஸ் டிஸ்டிரிக்ட், சுருக்கமாக சி.எஃப்.டி. அந்த மாவட்டத்தின் பெயரில் கடன் பத்திரம் விற்று இன்றே சாலையும் பள்ளியும் கட்டிவிடலாம். அந்தக் கடனை, கோட்டுக்குள் வீடு வாங்குகிறவர்கள் சிறப்பு வரியாக வருடா வருடம் அடைப்பார்கள்.

இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆனால் அந்த எல்லைக்குள் பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால், நில உரிமையாளர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள், ஏக்கருக்கு ஓர் ஓட்டு. காய்ந்த புல்லும் முள்வேலியும் மட்டும் இருக்கும் நிலத்தில் வாக்காளர் யார் இருக்கப் போகிறார்கள்? நிலம் முழுக்க ஒரு பில்டரிடம் இருந்தால் அவர் ஒருவர் ஓட்டே முழு ஓட்டு. சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குப் புரிய வேண்டியது: நீங்கள் வருவதற்குப் பல வருடம் முன்பே, உங்கள் மனையின் மேல் ஒரு கடன் ஏற்றப்பட்டுவிட்டது. ஊரில் பத்திரம் பதியுமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்போமே, அதே கண்ணோடுதான் இதையும் பார்க்க வேண்டும். இதுவும் ஒரு வில்லங்கம்தான். மறைத்து வைத்த வில்லங்கம் இல்லை, பதிவாகி எல்லோரும் பார்க்கும்படி இருக்கிற வில்லங்கம்.

இர்வைனில் கிரேட் பார்க்கைச் சுற்றி எழுந்த குடியிருப்புகள், எல் டோரோ விமானத் தளம் 1999இல் மூடப்பட்ட பிறகு அந்த நிலத்தில் வந்தவை. அங்கே இந்த வரி உண்டு. டப்ளினிலும் லாத்ராப்பிலும் ரோஸ்வில்லிலும் சூலா விஸ்டாவின் கிழக்குப் பகுதியிலும் உண்டு. சான் டியேகோ பக்கம் போவே பள்ளி மாவட்டமே பல சி.எஃப்.டி. வைத்திருக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வீடு தேடும் இடங்கள்தான் இவையெல்லாம். நல்ல பள்ளி, புதுப் பூங்கா, அகலச் சாலை என்று நாம் தேடிப் போகும் அந்த வசதிகளைக் கட்டியதே பெரும்பாலும் இந்தப் பணம்தான். அதனால் மெல்லோ-ரூஸ் என்றாலே ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அசெஸ்மெண்டுக்கு வருகிறேன். பேச்சில் எல்லாவற்றையும் ஸ்பெஷல் அசெஸ்மெண்ட் என்றே சொல்லிவிடுகிறார்கள். சட்டத்தில் மெல்லோ-ரூஸ் ஒரு வரி, அசெஸ்மெண்ட் வேறு. அசெஸ்மெண்ட் மிகப் பழைய முறை: தெருவுக்குத் தார் போட்டால், நடைபாதை கட்டினால், சாக்கடைக் குழாய் இழுத்தால், அதனால் நேரடியாகப் பலன் பெறும் மனைக்காரர்கள் அந்தச் செலவைப் பங்கிட்டுக் கொள்வது. 1911, 1913, 1915ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்று உங்கள் தாள்களில் வருமே, அவை இதைப் பற்றியவை. ஒரு இன்ஜினியர் அறிக்கை எழுதி, எந்த மனைக்கு எவ்வளவு பலன் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பங்கு பிரிப்பார். 1996இல் வந்த புரொபொசிஷன் 218 இதை இறுக்கிவிட்டது. உரிமையாளர்களுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும். யார் பங்கு அதிகமோ அவர் ஓட்டுக்கு எடை அதிகம். திரும்பி வந்த சீட்டுகளில் எதிர்ப்பின் எடை கூடினால் திட்டம் நின்றுவிடும்.

இதில் வீடு வாங்குகிறவருக்கு முக்கியமானது இதுதான். 1915 சட்டப்படியான அசெஸ்மெண்டில் உங்கள் மனையின் பங்கு என்று ஓர் அசல் தொகை எழுதப்பட்டிருக்கும். வருடா வருடம் அசலும் வட்டியுமாகக் குறைந்துகொண்டே வரும். ஏறத்தாழ வீட்டுக் கடன் மாதிரியே. மீதி எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள், மொத்தமாக அடைத்துவிடவும் வழி இருக்கும். மெல்லோ-ரூஸில் அப்படி உங்கள் பங்கு அசல் என்று ஒன்று நேராகத் தெரியாது. ஒவ்வொரு அளவு வீட்டுக்கும் வருடத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு போடலாம் என்று ஒரு வரம்பு மட்டும் இருக்கும். குடியிருப்பு வீட்டுக்கு அந்த வரம்பு வருடம் 2 சதவீதம் வரை ஏறலாம். ஏறுமா ஏறாதா, எந்த வருடத்தோடு நிற்கும், முன்கூட்டியே அடைக்கலாமா என்பதெல்லாம் அந்த மாவட்டத்தின் 'ரேட் அண்டு மெத்தட் ஆஃப் அப்போர்ஷன்மெண்ட்' என்கிற ஆவணத்தில் இருக்கும். பெயர்தான் பயமுறுத்தும். பெரும்பாலும் ஒரு அட்டவணையும் சில பக்க விளக்கமும்தான். உங்கள் வீடு எத்தனை சதுர அடியோ, அந்த வரிசையில் விரலை வைத்துப் பாருங்கள்.

புது வீடுகளில்தான் இது இருக்கும், பழைய வீடு வாங்கினால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். நியூபோர்ட் பீச்சில் தலைக்கு மேல் போகிற மின்கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் மண்ணுக்கடியில் புதைக்க, பழைய தெருக்களிலேயே அசெஸ்மெண்ட் மாவட்டங்கள் அமைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் அறுபது வருடத்து வீட்டை வாங்குகிறவர் பில்லிலும் அந்த வரி இருக்கலாம்.

இன்னொரு பெயர்க் குழப்பம். ஹெச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கமும் கூரை மாற்ற, பெயின்ட் அடிக்க என்று எல்லோரிடமும் ஒரு தொகை வசூலிக்கும். அதற்கும் ஸ்பெஷல் அசெஸ்மெண்ட் என்றுதான் பெயர். அதற்கும் அரசு பில்லுக்கும் சம்பந்தமில்லை. ஏஜென்ட் அந்தச் சொல்லைச் சொன்னால், "கவுண்டி வரி பில்லில் வருவதா, ஹெச்.ஓ.ஏ. கேட்பதா?" என்று உடனே கேட்டுவிடுங்கள்.

சரி, பில்லைப் படிப்போம். வீட்டு முகவரியையோ பார்சல் எண் என்கிற மனை எண்ணையோ கவுண்டி வரி வசூல் அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டால் பெரும்பாலும் பில் கிடைத்துவிடும். ஒரு நண்பர் வாங்க இருந்த வீட்டின் அலமேடா கவுண்டி பில்லை, அவர் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். மேலே நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு. அதன் கீழே சதவீதக் கணக்கு: 1 சதவீதம், பிறகு வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பள்ளிக் கடன், கல்லூரிக் கடன், பார்ட் ரயில் கடன் என்று புள்ளிக்குப் பிறகு பூஜ்யங்களோடு சின்னச் சின்ன எண்கள். அந்த நண்பர் அதோடு நிறுத்திவிட்டார். நான் கீழே காட்டினேன். 'ஃபிக்ஸ்டு சார்ஜஸ் அண்டு ஆர் ஸ்பெஷல் அசெஸ்மெண்ட்ஸ்' என்று ஒரு கட்டம். கொசு ஒழிப்புக்கு இரண்டு டாலருக்கும் குறைவாக ஒரு வரி, ஆம்புலன்ஸ் சேவைக்கு ஒன்று, பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று, பூங்காப் பாதைக்கு ஒன்று. அவற்றுக்கு நடுவே சி.எஃப்.டி. என்று தொடங்கி நாலு இலக்கத்தில் ஒரு தொகை. கொசுவுக்கும் அதற்கும் எழுத்தளவு ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு போன் நம்பர் அச்சாகியிருக்கும். அதை யாரும் கூப்பிடுவதில்லை. நீங்கள் கூப்பிடுங்கள்.

மேல் பாதி வீட்டின் மதிப்பைப் பொறுத்து மாறும். கீழ்ப் பாதி மதிப்பைப் பார்க்காது. அதனால்தான் "இந்த வீட்டுக்கு வரி 1.6 சதவீதம்" என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. உங்கள் 12 லட்சம் டாலர் வீட்டில் அடிப்படை 12,000, வாக்காளர் கடன்கள் ஏறத்தாழ 2,400 என்று வைத்துக்கொண்டால், இந்த 4,800ஐயும் சேர்த்து 19,200. அதை விலையால் வகுத்தால் 1.6 சதவீதம். ஆனால் நாளைக்கு வீட்டு விலை விழுந்து, மதிப்பைக் குறைக்கச் சொல்லி சொத்து மதிப்பைக் கணிக்கும் கவுண்டி அதிகாரியான அசெஸரிடம் மனுப் போட்டு வென்றாலும், குறைவது மேல் பாதி மட்டும். 4,800 அப்படியே நிற்கும். 2008க்குப் பிறகு பல புதுக் குடியிருப்புகளில் விலை சரிந்தபோது மக்கள் இதைத்தான் அனுபவித்தார்கள். பில்டர் சொல்லும் சதவீதத்தை விடுங்கள், டாலரில் எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். கடைசி வருடம் எது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் ஒரு அனுமானம் வைத்துக்கொள்கிறேன். டவுன்ஹோமில் மெல்லோ-ரூஸ், இன்னும் 30 வருடம், வருடம் 2 சதவீதம் ஏறும். 2004 வீட்டில் 1915 சட்டப்படியான அசெஸ்மெண்ட், இன்னும் 8 வருடம், ஏறாது.

டவுன்ஹோமில் முதல் வருடம் 4,800. முப்பதாவது வருடம் அதுவே 8,500ஐத் தாண்டும். மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 1,94,700 டாலர். 2004 வீட்டில் மொத்தம் 38,400தான். வருங்காலத்தில் கட்டும் பணத்தை அப்படியே கூட்டுவது சரியில்லை என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி, 6.5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தாலும் டவுன்ஹோமுக்கு ஏறத்தாழ 77,000, பழைய வீட்டுக்கு ஏறத்தாழ 29,000. அதாவது இரண்டும் 12 லட்சம் என்று நீங்கள் நினைத்த வீடுகளில் ஒன்று 12 லட்சத்து 77 ஆயிரம், மற்றது 12 லட்சத்து 29 ஆயிரம். இன்றைய பில்லில் ஒரே எண், உள்ளே 48,000 டாலர் வித்தியாசம்.

இந்த 48,000ஐ வைத்து டவுன்ஹோமை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. புது வீடு, புதுக் கூரை, புது ஏ.சி., குழந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளி என்று அதற்கும் மதிப்பு உண்டு. பழைய வீட்டில் கூரைக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதையெல்லாம் எடை போடும் தராசில் இந்த எண்ணும் இருக்க வேண்டும். ஏழெட்டு வருடத்தில் விற்றுவிடுவோம், மீதியைப் பற்றி நமக்கென்ன என்றும் சிலர் கேட்பார்கள். உங்களிடமிருந்து வாங்க வருகிறவரும் இதே கணக்கைப் போடுவார். அப்போது பில் இன்றைக்கு விட அதிகமாக இருக்கும்.

மெல்லோ-ரூஸிலேயே இரண்டு வகை உண்டு. கட்டடத்துக்கும் சாலைக்கும் வாங்கிய கடனை அடைக்கிற வரிக்கு முடிவு உண்டு. தீயணைப்பு, போலீஸ், பூங்காப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்காகப் போடுகிற வரிக்கு முடிவு தேதியே இல்லாமல் இருக்கலாம். ஒரே வீட்டுக்கு இரண்டும் தனித்தனி வரியாக வருவதும் சாதாரணம். "நாற்பது வருடத்தில் முடிந்துவிடும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த வரி என்று கேளுங்கள். பெரிய தொகை முடிந்து சின்னத் தொகை தொடர்ந்தால் பரவாயில்லை. தலைகீழாக இருந்தால் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது ஒப்பந்தம். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கலிஃபோர்னியா ரியல்டர்கள் சங்கத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், மெல்லோ-ரூஸ், அசெஸ்மெண்ட் கடன்களில் இனிமேல் வர வேண்டிய தவணைகளை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்வார், அதற்காக விலையில் எதுவும் கழிக்கப்படாது என்றுதான் இருக்கும். நீங்கள் வாய் திறக்காவிட்டால் முழுக் கடனும் உங்கள் தலைக்கு வரும். ஆனால் வேறு விதமாக எழுதிக்கொள்ளத் தடையில்லை. 2004 வீட்டில் அசெஸ்மெண்ட் மீதி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அதை விற்பவரே அடைத்துத் தரட்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைக் குறைக்கட்டும் என்று ஆஃபரிலேயே கேளுங்கள். ஏழெட்டு ஆஃபர் வந்து குவியும் வீட்டில் இது எடுபடாது. இரண்டு மாதமாக விற்காமல் நிற்கும் வீட்டில் எடுபடும். பில்டர் பொதுவாக அடைத்துத் தர மாட்டார். அவரிடம் வட்டியைக் குறைக்கும் பாயிண்ட், குளோசிங் செலவு என்று வேறு பக்கத்தில் வாங்கலாம்.

கடன் கொடுக்கும் வங்கி இதை மறக்காது. மாதம் 400 டாலரை உங்கள் மாதச் செலவில் சேர்த்துத்தான் எவ்வளவு கடன் தரலாம் என்று பார்க்கும். 6.5 சதவீத வட்டியில் 30 வருடக் கடனுக்கு அந்த 400 டாலர், ஏறத்தாழ 63,000 டாலர் கடனுக்கான தவணை. முன் அனுமதிக் கடிதத்தை நம்பி ஆஃபர் போட்டு, பிறகு மெல்லோ-ரூஸ் உள்ள வீடு என்று தெரிந்து தொகை போதாமல் திண்டாடியவர்களை அறிவேன். வீடு பிடித்ததும் வரி பில்லை லோன் ஆபீசருக்கு அனுப்பி, "இதைச் சேர்த்துப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

புது வீட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. என் முதல் வீட்டில் நடந்தது என்பதால் சொல்கிறேன். 2012இல் புதுக் குடியிருப்பில் வாங்கினோம். அந்த வருட பில் இன்னும் காலி மனைக்கான பில்தான். கட்டடமும் இல்லை, முழுச் சிறப்பு வரியும் அதில் ஏறவில்லை. வரியையும் காப்பீட்டையும் மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் இம்பவுண்ட் கணக்கை, கடன் நிறுவனம் அந்தச் சின்ன பில்லை வைத்தே தொடங்கியது. நாங்களும் மாதத் தொகை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. கணக்கில் பற்றாக்குறை, அதையும் அடைக்க வேண்டும், இனி மாதாமாதம் கூடுதலாகவும் கட்ட வேண்டும். தவணை 500 டாலருக்கு மேல் ஏறியிருந்தது. மனைவி பிரசவ விடுப்பில் இருந்த சமயம். ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த டிக்கெட் பணம் அதற்குப் போனது. அந்தக் கடிதத்தை அடுக்களை விளக்கின் கீழே நான்கு முறை படித்தது இன்னும் நினைவிருக்கிறது. உங்களுக்கு இது நேர வேண்டாம். டவுன்ஹோம் வாங்கினால், 12 லட்சத்துக்கான முழு வரியையும் 4,800ஐயும் சேர்த்து நீங்களே ஒரு கணக்குப் போட்டு, வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாகப் போட்டு வையுங்கள். விலை உயர்வுக்கான சப்ளிமெண்டல் பில்லும் தனியே உங்கள் பெயருக்கே வரும். அதைக் கடன் நிறுவனம் கட்டிவிடும் என்று நினைத்து எடுத்து வைத்துவிடாதீர்கள்.

இம்பவுண்ட் இல்லாமல் நீங்களே கட்டுவதாக இருந்தால் தேதி இரண்டு: டிசம்பர் 10, ஏப்ரல் 10. தாண்டினால் 10 சதவீத அபராதம். சாதாரணச் சொத்து வரி நிலுவையில் வீட்டை விற்க கவுண்டி 5 வருடம் பொறுக்கும். மெல்லோ-ரூஸிலும் 1915 அசெஸ்மெண்டிலும் அந்தப் பொறுமை கிடையாது. கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குக் கொடுத்த வாக்குப்படி, நிலுவை விழுந்து சில மாதங்களிலேயே வழக்குப் போடலாம். இந்தக் கடன் உங்கள் வீட்டுக் கடனுக்கும் முந்தி நிற்பது. வேலை போனால் எதை முதலில் கட்டுவது என்று யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வருமான வரிக் கணக்கிலும் ஒரு வார்த்தை. கடன் நிறுவனம் ஜனவரியில் அனுப்பும் தாளில் சொத்து வரி என்று மொத்தத் தொகை இருக்கும். அதில் கீழ்ப் பாதியும் சேர்ந்திருக்கலாம். சாலை, நடைபாதை, சாக்கடை போல உங்கள் சொத்தின் மதிப்பைக் கூட்டும் உள்ளூர் வேலைக்கான தொகையை மத்திய வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பொதுவாகச் சொத்து வரிக் கழிவாக ஏற்காது. அது வீட்டின் அடக்க விலையில் சேரும். பராமரிப்புக்கும் வட்டிக்கும் போன பகுதியைத் தனியாகக் காட்ட முடிந்தால் அதைக் கழிக்கலாம். பில்லை அப்படியே உங்கள் வரிக் கணக்காளரிடம் (சி.பி.ஏ.) கொடுத்துக் கேளுங்கள். பில்களைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், விற்கும்போதும் தேவைப்படும்.

பழைய வீட்டில் இன்னொன்றும் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தாலோ, ஜன்னல்கள் புதிதாக மாற்றியிருந்தாலோ, பில்லின் கீழ்ப் பாதியில் பேஸ் என்ற பெயரில் ஒரு கடன் ஒளிந்திருக்கலாம். சூரியத் தகடு, ஜன்னல் போன்ற வேலைகளுக்கு வாங்கிய கடனைச் சொத்து வரியோடு அடைக்கும் ஏற்பாடு அது. கலிஃபோர்னியாவில் 2008 முதல் இருக்கிறது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் அப்படி முன்னுரிமைக் கடன் உள்ள வீட்டின் லோனை வாங்குவதில்லை. அதனால் அநேகமாக விற்பவர் அதை அடைத்துவிட்டுத்தான் விற்க முடியும். முன்பே கண்டுபிடித்தால் அவர் பொறுப்பு, கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் தலைவலி.

வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனால் பெயர்கள் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு லோக்கல் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்டிரிக்ட் என்று பெயர். சியாட்டில் கடற்கரையைப் புதுப்பிக்க 2019இல் அமைத்தது 16 கோடி டாலர் அளவிலானது, நகர மையத்து அபார்ட்மெண்ட்காரர்கள் பலர் அதில் வருவார்கள். அங்கே பில்லை நகரமே தனியாக அனுப்புகிறது, கவுண்டி பில்லில் தேடினால் கிடைக்காது. டெக்ஸஸில் எம்.யு.டி. (முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்டிரிக்ட்), பி.ஐ.டி. (பப்ளிக் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்டிரிக்ட்) என்ற இரண்டு பெயர்களைத் தேடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 2004 வீட்டை விற்பவர், மெல்லோ-ரூஸோ 1915 கடனோ இருந்தால், அதற்கான அறிவிப்பை மாவட்டத்திடம் வாங்கி உங்களிடம் தர முயல வேண்டும் என்பது சட்டம். பில்டர் ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். பில்டர் தரும் தாளில் அதிகபட்ச வரி, வருட ஏற்றம், வரி நிற்கும் கடைசி வருடம், எதற்கான பணம் என்பதெல்லாம் இருக்கும். அந்தப் பூங்காவும் பள்ளியும் இன்னும் கட்டப்படாமலே இருக்கலாம் என்றும் அதில் எச்சரித்திருப்பார்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று மாடல் ஹோமில் இருப்பவரிடம் கேளுங்கள். அறிவிப்பைக் கையில் கொடுத்தால் 3 நாள், தபாலில் வந்தால் 5 நாள், அதற்குள் பின்வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அது கட்டோடு கட்டாக, நாற்பது தாள்களுக்கு நடுவே வரும். வந்த நாளை மேல் மூலையில் பேனாவால் எழுதி வையுங்கள்.

அதோடு, சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தரும் பிரிலிமினரி ரிப்போர்ட்டில் விலக்குகள் பட்டியலைப் படியுங்கள். சிறப்பு வரி வில்லங்கம் எந்த நாளில், எந்த எண்ணில் பதிவானது என்று அங்கே இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் விற்பனைப் பணத்தையும் தாள்களையும் நடுவில் நின்று கையாளும் எஸ்க்ரோ ஆபீசர் மூல ஆவணத்தையே அனுப்பிவிடுவார், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள்.

பிறகு பில்லில் இருக்கும் அந்த போன் நம்பர். பார்சல் எண்ணைச் சொல்லி ஐந்து விஷயம் கேட்டால் போதும்: இந்த வருடத் தொகை எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு வரை போகலாம், வருடா வருடம் ஏறுமா, கடைசி வரி ஆண்டு எது, இன்றைக்கு மொத்தமாக அடைத்தால் எவ்வளவு. எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த மாவட்டங்களின் கணக்கைப் பார்க்கும் ஆலோசனை நிறுவன ஊழியர்கள், பொறுமையாகவே பதில் சொல்வார்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். டவுன்ஹோமுக்கு ஒரு முறை, 2004 வீட்டுக்கு ஒரு முறை, இரண்டு அழைப்புக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். பத்து விடையும் கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், நான் மேலே போட்ட அனுமானக் கணக்கை எடுத்துவிட்டு உங்கள் எண்களை வைத்துத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.